அவர்களே

இராஜாங்கத்துக்கு நான் கொடுத்தது மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் அவன் பேச்சை ஆரம்பிக்கவே இல்லை.

முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களுக்கான திறன் பயிற்சி வகுப்பு அது. திருவாரூருக்கு வெளியே, ஜன்னலைத் திறந்தால் நாற்றங்கால் தெரிகிற பல்கலைக்கழகம். பயிற்சியாளர் நான்தான். நூர்ஜஹான், சொந்த ஊர் கூத்தாநல்லூர். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளுக்குப் பல வருடம் பேசக் கற்றுக்கொடுத்து, அலுத்துப்போய் ஊர்ப்பக்கம் திரும்பியவள். ஆய்வு மாணவர்கள் நாலைந்து வருடம் ஒரே விஷயத்தில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அது என்ன விஷயம் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் விழிப்பார்கள். வேலைக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாது. நேர்காணலில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. இதையெல்லாம் சரி செய்வதுதான் என் பிழைப்பு. அதில் முதல் பாடம், உன் ஆய்வை மூன்று நிமிடத்தில் சொல் என்பது.

இராஜாங்கம் எழுந்து வந்தான். நல்ல உயரம், கணீரென்ற குரல். மைக் இல்லாத இடத்தில் மைக் இருப்பதுபோல் ஒரு கையை முன்னால் வைத்துக்கொண்டான்.

"பாசத்திற்குரிய பயிற்சியாளர் அம்மையார் அவர்களே, இந்த வகுப்பை ஏற்பாடு செய்து எங்களுக்கெல்லாம் தேநீரும் வடையும் வழங்கிய ஒருங்கிணைப்பாளர் அவர்களே, முன்வரிசையிலே வீற்றிருக்கின்ற வேதியியல் துறைத் தோழர்களே, பின்வரிசையிலே அமர்ந்திருந்தாலும் சிந்தனையிலே முன்வரிசையிலே இருக்கின்ற வரலாற்றுத் துறைத் தோழர்களே..."

வகுப்பு கைதட்டியது. அவன் விடவில்லை. ஒவ்வொரு துறையாக, கடைசியில் புரொஜெக்டரைச் சரிசெய்துகொண்டிருந்த ஊழியர் வரைக்கும் வந்தான். நான் நேரம் முடிந்தது என்றேன்.

"என்ன ஆய்வு பண்றீங்கன்னே சொல்லலையே, இராஜாங்கம்."

"இப்பதான் மேடம் பொருளுக்கு வர்றேன்."

எனக்குக் கோபம் சட்டென்று வரும். "உங்க பொருளுக்காக உலகம் காத்துக்கிட்டு இருக்காதுங்க, உட்காருங்க" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். கோபித்துக்கொள்ளத் தெரியாத பிள்ளை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அவனுக்கு இந்த வியாதி எங்கிருந்து வந்தது என்று பிறகு சொன்னான். குடவாசல் பக்கம் ஒரு கிராமம். சித்தப்பா வேம்பு, கழகத்தின் கிளைச் செயலாளர். மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே இவனை நாற்காலிமேல் ஏற்றி நிறுத்திப் பேச வைத்திருக்கிறார். அங்கே பேச்சு என்பது பாதி, பெயர் சொல்வதுதான். மேடையில் இருக்கும் ஒருவர் பெயர் விட்டுப்போனால் ஜென்மப் பகை. ஒருமுறை வட்டப் பிரதிநிதி ஒருவரின் பெயரைச் சித்தப்பா மறந்துவிட, அவர் மறுநாள் காலையில் எதிர்க்கட்சிக் கரைவேட்டியில் டீக்கடைக்கு வந்தாராம்.

"எங்க தாத்தாவையெல்லாம் 'டேய்'னுதான் மேடம் கூப்பிட்டாங்க. முதல்முதல்ல ஒருத்தர் 'அவர்களே'ன்னு கூப்பிட்டது மேடையிலதான். அதனால எங்க ஊர்ல அதைக் கேக்கறதுக்குன்னே கூட்டத்துக்கு வருவாங்க."

"அதெல்லாம் சரிதாங்க. ஆனா உங்களை வேலைக்கு எடுக்கப் போறவங்க அதைக் கேக்க வரலையே" என்றேன்.

வேலை என்று நான் சொன்னது சும்மா அல்ல. சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம், டெல்டாவில் குத்தகை நிலங்களைப் பற்றி ஆய்வு நடத்த ஒரே ஒரு கள ஆய்வாளரைத் தேடிக்கொண்டிருந்தது. சொந்த மாவட்டத்திலேயே இருந்து செய்கிற வேலை. இராஜாங்கத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அது கிடைக்காவிட்டால் அவன் சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கு ஸ்டோர் கீப்பராகப் போக வேண்டும். மாமன் மகன் எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தான். உதவித்தொகை நின்றுபோன ஆய்வு மாணவன், அப்பா இல்லாத வீடு, இன்னும் எத்தனை நாள் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பது.

"போனா திரும்பி வந்து இதைத் தொட மாட்டேன் மேடம். எனக்கே தெரியும்" என்றான்.

இதைத் தொட ஆளில்லாமல் போவது எனக்கும் பொறுக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் அவன் ஆய்வைப் படித்துவிட்டேன். அவன் ஊர் நிலத்தில் முக்கால்வாசி ஒரு மடத்துக்குச் சொந்தம். கூலிக்காரர்களாக இருந்தவர்கள் போராடி, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய்க் குத்தகைதாரர்களாக ஆனார்கள். பதிவேட்டில் ஆண்கள் பெயர் ஏறியது. அந்த ஆண்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. மனைவியும் மருமகளும் உழுது நட்டு அறுத்துக் குத்தகை அளக்கிறார்கள். ரசீது செத்தவர் பெயரில் வருகிறது. இப்போது மடத்தின் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வர ஆரம்பித்திருந்தது. பதிவில் உள்ளவர் உயிரோடு இல்லை, ஆகவே நிலத்தில் இருப்பவர் ஆக்கிரமிப்பாளர் என்று. அந்தப் பெண்களோடு நாலு வருடம் வரப்பில் உட்கார்ந்து பேசி எழுதிய ஆய்வு அது. அவர்கள் பெயர் வெளியே வந்தால் ஆபத்து என்பதால், ஆய்வு முழுக்க அவர்கள் வெறும் எழுத்துகளாக இருந்தார்கள். அ, ஆ, இ, ஈ.

நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். தினமும் வகுப்பு முடிந்ததும் பயிற்சி. ஒவ்வொரு 'அவர்களே'யாகப் பிடுங்கி எறிந்தேன். வயலில் கோரை எடுப்பதுபோலத்தான், ஒன்றை எடுத்தால் பக்கத்தில் ஒன்று தலைகாட்டும். 'அவர்களே' போனதும் 'என்பதை இந்த நேரத்திலே தெரிவித்துக்கொண்டு' வந்தது. அதையும் எடுத்தேன். கடைசியில் பேச்சு இப்படி ஆரம்பித்தது: "இறந்துபோனவர்கள் விவசாயம் செய்ய முடியுமா? எங்கள் ஊரில் செய்கிறார்கள்."

முதல் சுற்று தஞ்சாவூரில் ஒரு ஓட்டல் ஹாலில் நடந்தது. இராஜாங்கம் எழுந்து அந்த இரண்டு வாக்கியத்தைச் சொன்னதும் தேர்வுக் குழுவில் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தவர் உருட்டுவதை நிறுத்தினார். சொன்ன நேரத்தில் முடித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு அவனுக்கு நானே அல்வா வாங்கிக்கொடுத்தேன்.

இரண்டாம் சுற்றுக்கு இருவர் மிஞ்சினார்கள். அந்தச் சுற்றுதான் விசேஷம். யாரிடம் ஆய்வு செய்தாயோ அவர்கள் ஊருக்கே போய், அவர்களிடமே உன் முடிவுகளைச் சொல்ல வேண்டும். குழு வந்து உட்கார்ந்து பார்க்கும். குழுத் தலைவர் பிரகதாம்பாள், கும்பகோணத்துக்காரர், பொருளாதாரப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "படிச்சவங்ககிட்டப் பேசறதை ஓட்டல்லயே பார்த்தாச்சு. மத்ததையும் பார்க்கணும் இல்லையா" என்றார்.

நான் இராஜாங்கத்திடம் சொன்னேன். "அதே பேச்சு, அதே ஆரம்பம். ஊரைப் பார்த்ததும் பழைய பழக்கத்துக்குப் போயிடாதீங்க."

"போக மாட்டேன் மேடம்" என்றான். போகவும் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

குறுவை அறுவடை முடிந்த சமயம். தார்ச்சாலை முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்ததால் குழுவின் கார் ஓரமாக ஊர்ந்து ஊர்ந்து சாயங்காலம்தான் ஊருக்குள் வந்தது. கூட்டுறவுச் சங்கக் கட்டடத்துக்கு முன்னால் மேடை. குடவாசல் ஹபீப் முகம்மதுதான் மைக் செட். அந்தப் பக்கத்தில் கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். தென்னை மரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஊர் மொத்தமும் வந்துகொண்டிருந்தது. பிரகதாம்பாளும் மற்ற இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். எனக்குத்தான் நேர்காணல் என்பதுபோல் சேலையைச் சரிசெய்துகொண்டே இருந்தேன்.

இராஜாங்கம் மைக்குக்கு முன்னால் போனான். என்னைப் பார்த்தான். ஆரம்பித்தான்.

"இறந்துபோனவர்கள் விவசாயம் செய்ய முடியுமா? எங்கள் ஊரில் செய்கிறார்கள்."

ஹபீப் முகம்மது பெட்டியில் ஒரு திருகைத் திருகினார். மேடைக்கு முன்னால் இரண்டு பேர் ஒரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போனார்கள். "அங்கிட்டுப் போடு, வெயில் படாம" என்று வேம்பு சத்தம் போட்டார். பெண்கள் ஒருவருக்கொருவர் இடம் பிடித்துக் கொடுத்துக்கொண்டு, அறுத்த கதிரின் விளைச்சலைப் பேசிக்கொண்டிருந்தார்கள். இராஜாங்கம் பேசிக்கொண்டே போனான். ஒரு சொல் பிசகவில்லை. தஞ்சாவூரில் பேசியதைவிட நன்றாகவே பேசினான். ஹபீப் அவனைப் பார்த்துக் கையைத் தூக்கி, போதும் போதும் என்பதுபோல் ஆட்டினார். மறுபடியும் திருகினார். கூட்டத்தில் ஒருவர்கூட மேடையைப் பார்க்கவில்லை.

"நன்றி, வணக்கம்" என்று இராஜாங்கம் முடித்தான்.

ஹபீப் முகம்மது எழுந்து வந்தார். "தம்பி, சத்தம் இப்ப சரியா இருக்கு. கடைசித் தெரு வரைக்கும் கேக்குதாம். ஆளெல்லாம் வந்தாச்சு, கூட்டத்தை ஆரம்பிச்சிரலாமா?"

மைக் சோதிக்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள். ஊர் முழுக்க. பெயர் சொல்லாமல் எங்கேயாவது கூட்டம் ஆரம்பிக்குமா?

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அவன் செய்த தப்பு ஒன்றுமில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தான். அதற்குச் சிங்கப்பூர்தான் பலன் என்றால் என்ன நியாயம்? குழுவைப் பார்த்தேன். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிரகதாம்பாள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றார் அவர். "நாங்களும் அதுக்குத்தானே வந்திருக்கோம்."

இராஜாங்கம் மறுபடி என்னைப் பார்த்தான். நான் சரி என்று தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய முடியும்.

அவன் கையை முன்னால் நீட்டினான்.

"இந்த இனிய மாலைப் பொழுதிலே, அறுவடைக் களைப்பையும் பாராமல் திரண்டிருக்கின்ற என் ஊர் மக்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, கிளைக் கழகச் செயலாளர், என் பாசமிகு சித்தப்பா வேம்பு அவர்களே, கொள்கையிலே வேறுபட்டாலும் வாய்க்கால் வெட்டும்போது ஒன்றுபடுகின்ற மாற்றுக் கட்சி நண்பர்களே, விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களே, ஒலிபெருக்கி அமைத்துத் தந்த குடவாசல் ஹபீப் முகம்மது அவர்களே..."

கூட்டம் அடங்கியது. பெயர் சொல்லப்பட்ட ஒவ்வொருவரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். சென்னையிலிருந்து வந்த குழுவையும் அவன் விடவில்லை. பிரகதாம்பாள் கைகூப்பினார். ஆண்கள் வரிசை முழுக்க முடிந்ததும் மூச்சை இழுத்துக்கொண்டு, "தாய்மார்களே" என்றான். பிறகு விஷயத்துக்கு வர வாயெடுத்தான்.

"இரு தம்பி" என்றது ஒரு குரல்.

பெண்கள் நடுவிலிருந்து ஒருவர் எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. பெயர் ராசம்மாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஆம்பளையெல்லாம் ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிட்டே. எங்களை மட்டும் மூட்டையா கட்டி எறிஞ்சிட்டியே. நாலு வருசமா எங்ககிட்டத்தானே வந்து உக்காந்து பேசினே?"

சிரிப்பு கிளம்பியது. இராஜாங்கம் சிரிக்கவில்லை.

"உங்க பேரை வெளியில சொல்ல மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன் அத்தை. நோட்டீஸ் வந்துக்கிட்டு இருக்கு. மைக்ல சொன்னா எங்க வரைக்கும் கேக்கும்னு தெரியாது."

"எழுதிக் குடுத்தது என்கிட்டத்தானே. நான்தானே சொல்லச் சொல்றேன். மடத்துக்குக் கேக்கட்டும். செத்துப்போன எங்க மாமனாருக்கா நெல்லு வெளையுது? அந்த நெலத்தோட சேத்துச் சொல்லு."

அவன் குழுவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவரையே பார்த்தான். பிறகு குரலை உயர்த்தாமல், மெதுவாகச் சொன்னான்.

"வடக்கு வாய்க்கால் ஓரம் மூன்று மா நிலத்தை, இறந்துபோன மாமனார் பெயரில் சாகுபடி செய்துகொண்டிருக்கும் ராசம்மாள் அவர்களே."

ராசம்மாள் உட்காரவில்லை. அப்படியே நின்றுகொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். "என்னையும் சொல்லு."

"ஆலமரத்துக் கட்டளை நிலத்தில் இரண்டு மா, கணவர் பெயரில் குத்தகை அளந்துகொண்டிருக்கும் செவ்வந்தி அவர்களே."

அதற்குப் பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். எந்தத் துண்டுக் காகிதமும் இல்லாமல், எந்த வாய்க்கால், எத்தனை மா, யார் பெயர் என்று சொல்லிக்கொண்டே போனான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் ஆய்வின் முடிவு அதுதானே. நான் மூன்று நிமிடத்துக்குள் அடக்கி வைத்த பேச்சில் எண்ணிக்கை இருந்தது, சதவீதம் இருந்தது. இப்போது அந்தச் சதவீதம் எழுந்து நின்றுகொண்டிருந்தது. நாலு வருடமாகப் பயந்து, அவனைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொண்டவர்கள்கூட எழுந்து, அவனுக்குத் தெரியாத தங்கள் நிலத்தைச் சொல்லிவிட்டு அவன் திருப்பிச் சொல்வதற்காக நின்றார்கள். அவன் திருப்பிச் சொன்னான். தென்னை மரத்து ஸ்பீக்கர் வயல் முழுக்க அதைக் கொண்டுபோனது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, பிரகதாம்பாளும் கண்ணாடியைக் கழற்றித்தான் வைத்திருந்தார்.

கடைசியாக, டீ அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். இராஜாங்கத்தின் மூக்கும் நெற்றியும் அப்படியே அவர் முகத்தில் இருந்தன.

"அம்மா, நீ என் ஆய்வுல கிடையாதும்மா" என்று மைக்கிலேயே சொன்னான் அவன். "சொந்தக்காரங்களைச் சேர்க்கக் கூடாது. கைடு சொல்லிட்டார்."

"ஆய்வுல இல்லாட்டிப் போறேன். நெலத்துல இருக்கேன்ல" என்றார் அம்மா. "எல்லாரையும் கூப்பிட்டே. என்னையும் கூப்பிடு."

ஊர் காத்திருந்தது. அம்மாவைப் பெயர் சொல்லி எந்த மகன் கூப்பிடுகிறான்? கணீரென்று அத்தனை பேரை அழைத்தவன், மைக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினான். வேம்பு சித்தப்பா கீழே குனிந்துகொண்டார். அம்மா மட்டும் அசையாமல் மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழப் பத்தில் ஐந்து மா நிலத்தை," என்று ஆரம்பித்து நிறுத்தினான். மறுபடி சொன்னான். "கீழப் பத்தில் ஐந்து மா நிலத்தை, இறந்துபோன கணவர் காத்தான் பெயரில், பதினோரு வருடமாக ஒற்றை ஆளாகச் சாகுபடி செய்து, என்னையும் படிக்கவைத்துக்கொண்டிருக்கும் பொன்னுத்தாய் அவர்களே."

நன்றிகூடச் சொல்லாமல் மேடையிலிருந்து இறங்கிவிட்டான். ஹபீப் முகம்மது மைக்கை அணைக்க மறந்து நின்றார்.

குழுவில் ஒருவர், "முடிவுகளைச் சொல்லவில்லையே" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பிரகதாம்பாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். யாருக்கு வேலை என்பதைக் கடிதம் மூலம் தெரிவிப்பதுதான் முறை. இன்னொரு போட்டியாளரின் ஊருக்குக் குழு முந்தின நாளே போய் வந்துவிட்டதாக எனக்குத் தெரியும். ஆனாலும் பிரகதாம்பாள் எழுந்து, நெல் சிந்திக் கிடந்த தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து, பொன்னுத்தாய்க்கு எதிரில் போய் நின்றார்.

"உங்க பையனை ஒரு வருஷத்துக்கு எங்க வேலைக்குக் கேக்கலாம்னு இருக்கேன். குடுப்பீங்களா?"

"எந்த ஊர்லங்க வேலை?"

"இந்த ஊர்லதான். இந்தச் சுத்துவட்டாரத்துல. இதே மாதிரி மத்த ஊர்லயும் யார் யார் எழுந்து நிப்பாங்கன்னு பார்த்து எழுதற வேலை."

பொன்னுத்தாய், பக்கத்தில் வந்து நின்ற மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார்.

"நல்லா வச்சுக்கோங்க" என்றார். "நடவு சமயத்துல மட்டும் எனக்கு வேணும்."